அழுதால் கட்டி வளராது

போன இதழில் என் சிகிச்சை நாட்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி, ஆபரேஷன், எட்டு கீமோ, அப்புறம் ரேடியேஷன் என்று போன ஒரு வருஷம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே மேஜை நிறைய இருப்பதால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எத்தனை டோஸ் என்று கேட்டவர்கள் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

எனக்கு 42 வயது, பள்ளி ஆசிரியை. ஆபரேஷன் முடிந்து மூன்று கீமோ ஆகிவிட்டது, இன்னும் ஐந்து பாக்கி. வீட்டுக்கு வருகிற எல்லோரும் "பாசிட்டிவா இரு, மனசு தைரியமா இருந்தா நோய் ஓடிப்போயிடும்" என்கிறார்கள். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். அழுதால் நோய் ஏறிவிடும் என்று மாமியார் சொல்கிறார். இப்போது அழுததை நினைத்தும் பயமாக இருக்கிறது. எப்படித்தான் பாசிட்டிவாக இருப்பது?
வாசகி, திண்டுக்கல்

முதலில் அந்தக் குழாயை மூடுங்கள். அழுதால் கட்டி வளராது.

உங்களைத் தேற்றுவதற்காக இப்படிச் சொல்லவில்லை. இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1989-ல் அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், நோய் மற்ற இடங்களுக்கும் பரவிவிட்ட 86 பெண்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் வாரம் ஒருமுறை கூடி உட்கார்ந்து பேசிய பெண்கள், அப்படிப் பேசாதவர்களைவிடச் சராசரியாக ஒன்றரை வருஷம் கூடுதலாக வாழ்ந்ததாக வந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கனடாவில் 235 பெண்களை வைத்து அதே மாதிரி செய்து 2001-ல் முடிவு சொன்னபோது ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே இன்னொரு தடவை செய்து 2007-ல் வெளியிட்டார், அதிலும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. கனடா ஆய்வில் வேறொன்று தெரிந்தது. கூடிப் பேசிய பெண்களுக்கு மனபாரம் குறைந்திருந்தது, வலியும் அவ்வளவு தெரியவில்லை. ஆரம்பத்தில் யார் ரொம்ப உடைந்துபோயிருந்தார்களோ அவர்களுக்குத்தான் அதிக பலன். இன்னொன்றையும் கவனியுங்கள், அந்தக் கூட்டங்களில் யாரும் சிரித்துக்கொண்டே இருக்கவில்லை. அழுதார்கள், சாவைப் பற்றிப் பேசினார்கள், கோபப்பட்டார்கள். அதற்காகவே கூடினார்கள்.

இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏமாற்றம் வரவில்லை, தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரிதான் இருந்தது. மனசுதான் நோயைக் குணமாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு ரிப்போர்ட் சரியில்லாமல் வந்தால் அதுவும் என் தப்பு என்றுதானே ஆகும்? நான் தைரியமாக இல்லாததால்தான் வந்தது என்றுதானே சொல்வார்கள்? கீமோவில் ஏற்றுகிற அந்தச் சிவப்பு மருந்து நரம்பில் இறங்கும்போது நீங்கள் சிரிக்கிறீர்களா அழுகிறீர்களா என்று பார்த்து வேலை செய்வதில்லை. அதன் வேலையை அது செய்யும். உங்களுக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

சரி, அப்படியானால் பாசிட்டிவாக இருப்பது என்றால் என்ன? எனக்கு அது ஒரு காலண்டராக இருந்தது. ஒரு கீமோவிலிருந்து அடுத்த கீமோ வரை 21 நாள் சுற்று. முதல் ஐந்து நாள் என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கக் கூடாது, படுத்தே இருப்பேன். ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை ரத்த அணுக்கள் இறங்கியிருக்கும், கூட்டத்துக்குப் போகக் கூடாது. மூன்றாவது வாரம் என்னுடையது. அந்த ஏழு நாளுக்கு மட்டும் திட்டம் போடுவேன், ஒரு கல்யாண வீட்டுக்குத் தலைகாட்டுவது, பையனுக்குப் பிடித்த குழம்பை நானே வைப்பது, மாலையில் மொட்டை மாடியில் நடப்பது என்று. அந்த வருஷம் முழுக்க "எல்லாம் நல்லபடியாகும்" என்று நான் நம்பிக்கொண்டு இருக்கவில்லை. மூன்றாவது வாரம் வரும் என்பதை மட்டும் நம்பினேன், அது தவறாமல் வந்தது.

அப்புறம் என் அண்ணி. ஒவ்வொரு கீமோவுக்கும் அடுத்த நாள் காலையில் பஸ் பிடித்து வருவாள், என் கால்மாட்டில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், பூண்டு உரிப்பாள். நான் அழுதால் "அழுதுக்கோ" என்பாள், வேறொன்றும் சொல்ல மாட்டாள். ஒரு தடவைகூட "தைரியமா இரு" என்று சொன்னதில்லை. எனக்குத் தைரியம் வந்தது அவள் உட்கார்ந்திருந்ததால்தான். உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் இருப்பார், கூடப் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, உங்கள் ஸ்டாஃப் ரூமில்கூட இருக்கலாம். அவரிடம் "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் இருக்க முடியுமா, பேச வேண்டாம்" என்று கேளுங்கள். அப்படி நாளும் நேரமும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

மாமியார் மேல் கோபம் வேண்டாம். அவருக்கும் பயம், அது அப்படி வெளியே வருகிறது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் "அழுதால் நோய் அதிகமாகுமா டாக்டர்?" என்று அவர் எதிரிலேயே கேளுங்கள். பதிலை அவரே காதால் கேட்கட்டும்.

ஒன்றை மட்டும் சாதாரண அழுகையோடு சேர்த்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது என்றால் அதையும் வாந்தி, காய்ச்சல் மாதிரியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. ராத்திரியில் யாருமே இல்லை என்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மனைவிக்கு 38 வயது, அடுத்த வாரம் முதல் கீமோ. நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எனக்கு ஆறுதலாகப் பேச வராது. அவள் அழ ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன், கல் நெஞ்சுக்காரன் என்று நினைத்துவிட்டாள். என்ன பேசினால் அவளுக்குத் தெம்பு வரும்?
வாசகர், திருப்பூர்

தம்பி, பேச வேண்டாம். எழுந்து போகாமல் இருந்தாலே பாதி வந்தாச்சு. மீதிப் பாதிக்கு வேலை இருக்கிறது, அளவு பிசகாமல் துணி வெட்டுகிற கைக்கு அது நன்றாகவே வரும்.

இன்றைக்கே ஒரு ஃபைல் வாங்குங்கள். பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் தேதி வாரியாக அதில் இருக்க வேண்டும், அது உங்கள் பொறுப்பு, அவளைத் தேடவிடாதீர்கள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. ராத்திரி அவளுக்கு என்ன சந்தேகம் வருகிறதோ அதை எழுதிவையுங்கள். டாக்டர் அறையில் நமக்குக் கிடைப்பது சில நிமிஷம்தான், அந்த நேரத்தில் எல்லாம் மறந்துபோகும்.

அப்புறம் ஒரு தெர்மாமீட்டர். இது ரொம்ப முக்கியம். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் சரி. காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சின்னத் தொற்றும் சில மணி நேரத்தில் முற்றிவிடும். ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த வாசல் வழியாக உள்ளே போக வேண்டும் என்பதை முதல் கீமோ அன்றே நர்ஸிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆட்டோக்காரர் ஒருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சிவப்பு மருந்து கொடுத்தால் அன்றைக்கும் மறுநாளும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், ரத்தம் என்று பயந்துவிட வேண்டாம். கீமோ முடிந்து 48 மணி நேரம் வரை கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தி பட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள், மருந்து கொஞ்சம் வெளியே வரும் என்பதால் அவ்வளவுதான். நோய் யாருக்கும் ஒட்டாது. தனித் தட்டு, தனி டம்ளர், பிள்ளைகளைக் கிட்டே விடாதே என்று யாராவது ஆரம்பித்தால் நீங்கள்தான் முன்னால் நின்று தடுக்க வேண்டும். அவளால் அதைச் சொல்ல முடியாது. சொல்லி வாங்குகிற நிலைமை வந்தாலே நெஞ்சு விட்டுப்போகும்.

சமையலறையில் தாளிக்கிற வாசனை அவளுக்குக் குமட்டலாம், கீமோ முடிந்த முதல் ஐந்து நாள் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள். கஞ்சி, மோர் சாதம், இட்லி, எது இறங்குகிறதோ அது. எனக்கு எவர்சில்வர் ஸ்பூன் பட்டாலே வாயெல்லாம் இரும்பு ருசி அடிக்கும், கையால் சாப்பிட்டால் தேவலை. நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு உதவியது, வாயில் புண் வந்ததும் அதை நிறுத்திவிட்டேன்.

போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இருபது பேர் கூப்பிட்டு இருபது பேரிடமும் அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தால் அதுவே ஒரு கீமோ. "நல்லா இருக்கா, தூங்குறா, நானே அப்புறம் பேசறேன்" என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததா, இனிமேல்தானா என்று எழுதவில்லை. என் வீட்டுக்காரர் செய்ததைச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து டியூபும் பையுமாக என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பையில் சேருகிற நீரைக் காலையும் மாலையும் அளந்து எழுத வேண்டும். அவரும் உங்களை மாதிரிதான், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாது. ஆனால் அந்த நோட்டில் 80, 65, 45 மில்லி என்று ஒரு வேளைகூட விடாமல் எழுதினார். 30-க்குக் கீழே இறங்கிய அன்றைக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிய முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கட்டுப் பிரிக்கும்போது தழும்பை நேராகப் பார்த்தார், முகத்தைத் திருப்பவில்லை. நான் என் தழும்பைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தைத்தான் பார்த்தேன் தம்பி. அவளும் அதைத்தான் பார்ப்பாள்.

உங்களுக்கும் அழ ஓர் இடம் வேண்டும். மச்சானோ நண்பரோ யாராவது ஒருவரிடம் டீக்கடையில் நின்று பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

அம்மாவுக்கு இடுப்பு வரை முடி. இப்போது தலையணை பூராவும் முடி கிடக்கிறது. கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார், வாசலுக்குக்கூட வருவதில்லை. அம்மாவுக்குத் துணையாக நானும் மொட்டை அடித்துக்கொள்ளலாமா?
கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

உன் மனசு புரிகிறது கண்ணு. ஆனால் அம்மாவிடம் கேட்காமல் செய்துவிடாதே. மகள் தலையையும் மொட்டையாகப் பார்த்தால் இன்னும் உடைந்துபோகிற அம்மாக்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் மொட்டைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. பழநியிலும் சமயபுரத்திலும் வேளாங்கண்ணியிலும் அடிக்கிற மொட்டை சந்தோஷ மொட்டை. ஆனால் அம்மா வயதுக்காரர்கள் சின்ன வயதில் பார்த்த, கணவன் போன பிறகு அடித்த மொட்டையும் ஒன்று இருக்கிறதே. வெளியே வராமல் இருப்பதற்கு அழகு போனது மட்டும் காரணமாக இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து "எதுக்கும்மா பயம்?" என்று கேட்டுப் பார். உனக்குத் தெரியாத பதில் வரலாம்.

முதல் கீமோ முடிந்து இரண்டு, மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சித்திரவதை. நான் முதலில் தோள் வரை வெட்டிக்கொண்டேன், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஸ்டூல் போட்டு உட்கார, என் பையன் டிரிம்மரால் எடுத்துவிட்டான். பிளேடு வேண்டாம், கீறல் பட்டால் தொற்று வரும். அம்மா சம்மதித்தால் நீயே செய்துவிடு, கடைக்காரர் கையைவிட உன் கை நல்லது. முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிவிடு. மெல்லிசு பருத்தித் துணி கட்டினால் அரிக்காது. விக் வேண்டுமென்றால் வாங்கலாம், ஆனால் நம் வெயிலில் ரொம்ப நேரம் வைக்க முடியாது.

புருவமும் கொட்டும் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, எனக்கு யாரும் சொல்லவில்லை, அதிர்ந்துபோனேன். அந்த மருந்துகள் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் குழந்தை முடி மாதிரி முளைக்கும். எனக்கு நேர் முடி போய்ச் சுருட்டை வந்தது.

ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பாட்டி, "பழநியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வேண்டுதல் நிறைவேறிச்சா?" என்றார். "பாதி நிறைவேறியிருக்கு பாட்டி" என்றேன். "மீதியும் ஆகும்" என்று சொல்லிவிட்டுத் தன் கூடையிலிருந்து ஒரு முழம் மல்லி எடுத்துக் கொடுத்தார். தலையில் வைக்க முடி ஏது, கையில் சுற்றிக்கொண்டு வீடு வந்தேன். உன் அம்மாவை ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போ.

தோழியைப் பார்க்கப் போக வேண்டும். என்ன வாங்கிக்கொண்டு போவது, என்ன பேசுவது?
வாசகி, நாகர்கோவில்

நறுக்கிய பழம், பூங்கொத்து வேண்டாம். மதியச் சாப்பாட்டை டிபன் கேரியரில் கொண்டுபோங்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து. முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள், சளி இருமல் இருந்தால் போகவே போகாதீர்கள். அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள். "எங்க பெரியம்மாவுக்கும் இதேதான், ஆறே மாசத்துல..." என்ற கதை வாயில் வந்தாலும் விழுங்கிவிடுங்கள். முள் சீத்தாப்பழம், பப்பாளி இலைச் சாறு என்று யாரோ அனுப்பியதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கீமோ நேரத்தில் டாக்டரிடம் கேட்காமல் எந்தச் சாறும், எந்தப் பொடியும் கூடாது. "எதாவது வேணும்னா சொல்லு" என்று சொன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். "வியாழக்கிழமை பாப்பாவை ட்யூஷன்லேர்ந்து நான் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லுங்கள்.

என் பெரிய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விஷயம் வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று என் கணவர் யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறார். கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறோம். கீமோவுக்கு நானும் அவரும் மட்டும் போய் வருகிறோம். மூச்சு முட்டுகிறது.
வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. நோயையும் சுமந்துகொண்டு, அதை மறைக்கிற வேலையையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள். முக்காட்டுக்கு ஒரு காரணம், கறுத்த நகத்துக்கு ஒரு காரணம் என்று தினம் ஒரு பொய் யோசிக்க வேண்டும், அதற்கான தெம்பு இப்போது உங்களிடம் இல்லை.

உங்கள் கணவரின் பயத்தை ஒதுக்கிவிடவும் எனக்கு மனசு வரவில்லை, அப்படித் தட்டிப்போன சம்பந்தத்தை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிற மரபணுக் கோளாறால் வருபவை. உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்திருந்தால், அல்லது உங்களுக்கு ரொம்பச் சின்ன வயதிலேயே வந்திருந்தால், அந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிற பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது கல்யாணத்துக்காக இல்லை, உங்கள் பெண்ணின் உடம்புக்காக. அவளிடம் மறைத்திருந்தால் முதலில் அவளிடம் சொல்லுங்கள். அவளுக்குத்தான் எல்லோருக்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேர் போதும். உங்கள் பக்கத்தில் ஒருவர், அவர் பக்கத்தில் ஒருவர், தெருவில் ஒருவர், வாயைத் திறக்காதவர்களாகப் பார்த்து. கீமோ அன்று சமைக்க ஒருவர், உங்கள் கணவருக்கு முடியாத நாளில் உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வர ஒருவர், அழ ஒருவர். சம்பந்தி வீட்டாரைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் ஒன்றுதான், பேச்சு உறுதியாகிற கட்டத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு நோய் என்று தெரிந்ததும் பின்வாங்குகிற வீட்டில், நாளைக்கு உங்கள் பெண்ணுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பார்கள்?

எனக்கு 55 வயது. கணவர் இல்லை, ஒரே மகன் துபாயில் கூலி வேலை. அவனை வரச் சொன்னால் வேலை போய்விடும். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். துணைக்கு யாரும் இல்லாதவர்கள் என்ன செய்வது?
வாசகி, கள்ளக்குறிச்சி

அக்கா, காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அது தீர்ந்தால்தான் மனசு மற்றதை யோசிக்கும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, கூட வருபவருக்கு முக்கால் பங்கு. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வேண்டும்.

நீங்கள் போகிற இடத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை மனசில் வைத்திருந்துதான், முப்பது வருஷம் கழித்து 1954-ல், 12 படுக்கையோடு அடையாறில் அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அடுத்த வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் தன் 93-வது வயதில் இறக்கும்வரை அங்கேயேதான் இருந்தார். கூடப் பிறந்தவளுக்கு இல்லாமல் போனதை ஊருக்கே கொடுத்த இடம் அது. கூச்சப்படாமல் உள்ளே போங்கள்.

போனதும் சமூகப் பணியாளர் யார் என்று கேளுங்கள். தனியாக வந்திருக்கிறேன், தங்க இடம் வேண்டும், சாப்பாட்டுக்கு வழி வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். அப்புறம் அந்தக் காத்திருக்கிற பெஞ்ச் இருக்கிறதே, அதை லேசாக நினைக்காதீர்கள். நான் சிகிச்சை எடுத்த இடத்தில் கீமோவுக்கு வரிசையில் உட்கார்ந்த ஐந்து பேர் ஒரே நாள் சுற்று. ஒருத்தி மீன் விற்கிறவள், ஒருத்தி வங்கி அதிகாரி, ஒருத்தி எட்டு மாடு வைத்திருந்தவள். மாட்டுக்காரம்மாதான் நரம்பு கிடைக்காமல் ஊசி இரண்டு தடவை தப்பினால் வெந்நீர் ஒத்தடம் கேட்கச் சொல்லிக் கொடுத்தார். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் பி.பி. பார்க்க விடாதே, ஊசி போட விடாதே என்றும், வளையல் திடீரென்று இறுக்கமானால் கை வீங்குகிறது என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் காட்டு என்றும் சொன்னதும் அவர்தான். ஐந்து பேரில் ஒருத்தி இப்போது இல்லை. மற்ற நாலு பேரும் இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம்.

இது புதிதாக வந்த வழக்கமும் இல்லை. 1952-ல் அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு மார்பை எடுத்தார்கள், இனி எப்படி இருப்பது, கையை எப்படித் தூக்குவது என்று அவருக்குச் சொல்ல யாருமில்லை. குணமானதும் அவரே ஒரு பந்து, ஒரு கயிறு, எடுத்த மார்புக்குப் பதிலாக உள்ளாடைக்குள் வைக்கிற தற்காலிகப் பஞ்சு இவற்றை எடுத்துக்கொண்டு மற்றப் பெண்களைப் பார்க்க வார்டு வார்டாகப் போக ஆரம்பித்தார். சில டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. இன்று எத்தனையோ நாடுகளில் சிகிச்சை முடித்த பெண்கள் புதிதாக வருகிறவர்களைப் போய்ப் பார்க்கிறார்கள் என்றால் அந்தப் பந்தும் கயிறும்தான் ஆரம்பம். நீங்கள் உட்காருகிற பெஞ்சிலும் அப்படி ஒருத்தி இருப்பாள். "உங்களுக்கு எத்தனாவது?" என்று கேளுங்கள், அதுபோதும், பேச்சு தானாக வரும்.

மகனிடம் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டாம். தினம் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வீடியோ கால், தவறாமல். "சாப்பிட்டியா" என்பதற்குமேல் பேச எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. எல்லோரும் பழையபடி ஆகிவிட்டார்கள், "அதான் சரியாயிடுச்சே" என்கிறார்கள். எனக்கு இப்போதுதான் அதிகம் பயமாக இருக்கிறது. முதுகு வலித்தால்கூடத் தூக்கம் போய்விடுகிறது. நன்றி கெட்டவளாக இருக்கிறேனோ?
வாசகி, மதுரை

இல்லை. எங்கள் பெஞ்சில் எல்லோருக்கும் இது வந்தது. சிகிச்சை நடக்கும்போது நாலு பேர் கண் நம் மேல் இருக்கிறது, நர்ஸ், டாக்டர், டெக்னீஷியன் என்று தினம் யாராவது பார்த்துக்கொள்கிறார்கள். ரேடியேஷன் கடைசி நாளன்று "சரிம்மா, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வாசலில் நிற்கும்போது நடுக்கடலில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். அதுவரை பயப்பட நேரமே இல்லாமல் ஓடியிருப்போம், அந்தப் பயமெல்லாம் இப்போது மொத்தமாக வந்து உட்காருகிறது.

முதுகு வலிக்கு நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. தேதி போட்டு எழுதுவேன். இரண்டு வாரத்தில் போகவில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுவேன். எழுதியதும் கொஞ்சம் தூக்கம் வந்தது, இனி அதை நோட்டு பார்த்துக்கொள்ளும் என்று. ஆனால் கட்டி, மூச்சுத் திணறல், திடீரென்று கால் மரத்துப்போவது இதற்கெல்லாம் இரண்டு வாரக் கணக்கு கிடையாது, அன்றைக்கே போக வேண்டும்.

ஹார்மோன் மாத்திரை, டமாக்ஸிபென் மாதிரி ஏதாவது கொடுத்திருந்தால் அது ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம். உடம்பெல்லாம் சூடு கிளம்பும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். பாதிப் பயம் அந்தத் தூக்கமின்மையிலிருந்தே வரலாம். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்க வேண்டி வந்தால் டமாக்ஸிபென் சாப்பிடுவதை அந்த டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அதனோடு சேராத சில மாத்திரைகள் இருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு முடி வளர்ந்துவிட்டது, சமைக்கிறீர்கள், அவர்கள் கண்ணுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது "எனக்கு இன்னும் பயமா இருக்கு, நீங்க எதுவும் செய்ய வேண்டாம், தெரிஞ்சா போதும்" என்று சொல்லிப் பாருங்கள். நான் இரண்டாவது வருஷம்தான் சொன்னேன், முதல் மாதமே சொல்லியிருக்கலாம். செக்கப்புக்குத் தனியாகப் போகாதீர்கள். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற அந்த இரண்டு நாளும் யார் வந்து உங்களோடு இருக்கப் போகிறார்கள் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். எங்கள் நாலு பேரில் யாருக்கு செக்கப் என்றாலும் இன்னொருத்தி கூடப் போவாள், முடிந்ததும் எதிரில் இருக்கிற கடையில் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். அடுத்த மாதம் என் முறை. மாட்டுக்காரம்மா வருகிறார்.